மூன்றாம் வரிசை, ஐந்தாம் டப்பா

மனித குலம் இதுவரை கண்டுபிடித்தவற்றுள் மிகப் பெரியது டப்பா. நெருப்பும் சக்கரமும் அதற்கு அப்புறம்தான். நெருப்பைக் கண்டுபிடித்தவன் மறுநாள் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல்தான் திண்டாடியிருப்பான். ஒரு பொருளுக்கென்று ஓர் இடம் கிடைத்துவிட்டால் பிறகு அது ஒருநாளும் வீணாவதில்லை.

இது மோட்டார் மாமாவின் கண்டுபிடிப்பு. மின்விசிறி, தண்ணீர் மோட்டார், இஸ்திரிப் பெட்டி என்று சுற்றுகிற, சூடாகிற எல்லாவற்றையும் பழுது பார்க்கும் அவருடைய கடையில், ஸ்டூலில் உட்கார்ந்தபடி, சிரிக்காமல் சொன்னார். எதிரே நின்றவர் இஸ்திரிப் பெட்டியைத் திருப்பி வாங்க வந்தவர். பெட்டி கையில் கிடைக்கும்வரை தலையாட்ட வேண்டிய நிலையில் இருந்தார்.

மாமாவுக்குப் பின்னால் சுவர் முழுக்க அந்தத் தத்துவத்தின் நிரூபணம் நின்றது. எட்டு வரிசை, வரிசைக்கு ஆறு டப்பா, ஆக நாற்பத்தெட்டு பிளாஸ்டிக் இழுப்பறைகள். ஒன்றிலும் பெயர் எழுதியிருக்காது. திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டி எந்த ஸ்க்ரூவையும் எடுப்பார். கழற்றிப் போட்ட இயந்திரம் எதுவாக இருந்தாலும் அளவு ஒன்றாக இருந்தால் ஒரே டப்பா. "ஃபேன்ல இருந்து வந்தியா, பம்புல இருந்து வந்தியான்னு ஸ்க்ரூகிட்ட ஜாதகமா கேக்கப்போறோம்? அளவு ஒண்ணுன்னா ஆளு ஒண்ணு" என்பார். முப்பது வருஷமாக அது பொய்த்ததில்லை.

நான் அந்தக் கடைக்கு மேல்மாடியில் குடியிருந்தேன். கடைக்குப் பின்னால் வீடு. நடுவில் ஒரு திரைச்சீலை. அதற்கு அந்தப் பக்கம் அத்தையின் காயில் சுற்றும் மேஜை. எங்கள் தெருவுக்கே அவர் மாமா என்பதால் அவர் மனைவி எங்களுக்கு அத்தை. தீய்ந்துபோன மோட்டாரின் பழைய செப்புக் கம்பியை அறுத்தெடுத்துவிட்டு, புதுக்கம்பியைக் கைச்சக்கரத்தில் சுற்றிச் சுற்றி ஏற்றுவார். சக்கரத்தோடு ஓர் எண்ணி இருந்தது. அதை அவர் பார்த்து நான் பார்த்ததில்லை. பேசிக்கொண்டே சுற்றி, பேச்சின் நடுவில் நிறுத்துவார். எண்ணிக்கை சரியாக இருக்கும். வார்னிஷ் நெடியும் அத்தையின் பேச்சும் திரைச்சீலையைத் தாண்டித் தெரு வரைக்கும் வரும்.

பின்கட்டு அறையில் அத்தையின் அப்பா இரண்டு வருஷம் படுக்கையில் இருந்து, மாசி முடிந்து வெயில் தொடங்கும்போது போய்ச் சேர்ந்தார். அவர் விட்டுச்சென்ற சொத்து ஓர் அட்டைப்பெட்டி நிறைய மாத்திரை. சர்க்கரைக்கு, ரத்த அழுத்தத்துக்கு, தலைசுற்றலுக்கு, தூக்கத்துக்கு, தூக்கம் தெளிய.

அதே வாரத்தில்தான் மருந்துக்கடை அக்கா சுவரொட்டியோடு வந்தார்.

"மாமா, இதை உங்க கதவுல ஒட்டிக்கலாமா? நாலு பேர் வந்து போற இடம்."

"ஒட்டிக்கோம்மா. கதவு சும்மாத்தானே நிக்குது. என்னது, கல்யாணமா?"

"வீட்டுல மிச்சமான மருந்து மாத்திரையெல்லாம் நம்ம கடை வாசல்ல ஒரு பெட்டி வெச்சிருக்கோம், அதுல போடணும். மாசக் கடைசி சனிக்கிழமை வண்டி வந்து எடுத்துட்டுப் போய் பெரிய சூளையில எரிச்சிருவாங்க. குப்பையில போட்டா ஆடு மாடு திங்குது, பிள்ளைங்க எடுக்குது. சாக்கடையில கொட்டினா தண்ணியில கலக்குது."

மாமா கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். அவர் அப்படி வைப்பது அபூர்வம்.

"ஏம்மா, நீயே விக்கிற. நீயே திருப்பி வாங்கி எரிக்கிற. அதுக்கு விக்காமயே இருந்திருக்கலாமே?"

"டாக்டர் மருந்தை மாத்துவாரு மாமா. ஆளு தவறிருவாங்க. மிச்சமாகத்தான் செய்யும்."

"மிச்சமானா வெச்சுக்கணும். நல்லா இருக்கிற பொருளைக் கொண்டுபோய்க் கொட்டறதுக்கு வரிசையில வேற நிப்பாங்களா? குப்பை போட வரிசை! போய் நிக்கிறவன் மூஞ்சிய ஒருநாள் பாக்கணும்மா."

அக்கா சிரித்துக்கொண்டே நாலு மூலையிலும் பசை தடவி ஒட்டிவிட்டுப் போனார். மாமா போகிற வருகிறவர்களிடம் எல்லாம் சுவரொட்டியைக் காட்டினார். அந்த மாதம் பெட்டிக்கு அவரைவிடப் பெரிய விளம்பரதாரர் கிடையாது.

அத்தையின் தம்பி லாரி ஓட்டுகிறவர். சுமை இறக்கிவிட்டு வந்த ஒரு மத்தியானம் சோறு தின்றுகொண்டே ஆரம்பித்தார்.

"மாமா, அப்பாவோட மருந்தை அந்தப் பெட்டியில போட்டுட்டு வந்துரட்டுமா? பாக்கும்போதெல்லாம் என்னமோ மாதிரி இருக்கு."

"மாப்ளே, உனக்கு என்னமோ மாதிரி இருந்தா கண்ணை மூடிக்க. ஒவ்வொண்ணும் என்ன விலை தெரியுமா?"

"அதைச் சாப்பிட வேண்டியவரே இல்ல."

"தலைவலி அவரோடயே போயிருச்சா? காய்ச்சல் அவரோடயே போயிருச்சா? தெருவுல எத்தனை பேருக்கு உதவும்."

"நீங்க டாக்டரா மாமா?"

"நான் டாக்டர் இல்ல மாப்ளே. டாக்டர் ஒரு மோட்டாரைப் பிரிச்சு மாட்டட்டும், அப்புறம் பேசுவோம்."

திரைச்சீலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அத்தை குரல் கொடுத்தார். "டேய், அவருகிட்டப் பேசி ஜெயிச்சவன் எவன்டா இருக்கான்? இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கோ."

அந்த ஞாயிற்றுக்கிழமை கடை சாத்தியிருந்தது. உள்ளே 'டிக், டிக்' என்று சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். புருஷனும் பெண்டாட்டியும் எதிரெதிரே உட்கார்ந்து மாத்திரைகளை அட்டையிலிருந்து கட்டைவிரலால் அழுத்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அட்டை இடத்தை அடைக்கிறதாம். மேல் மூன்று வரிசை ஸ்க்ரூக்கள் கீழே இடம் மாறியிருந்தன. மாமா ஒவ்வொரு மாத்திரையையும் ஸ்க்ரூவின் குறுக்களவு பார்க்கிற கருவியில் வைத்துப் பார்த்து டப்பாவில் போட்டார். வெள்ளை, வட்டம், நடுவில் கோடு, எட்டு மில்லிமீட்டர்: மூன்றாம் வரிசை, ஐந்தாம் டப்பா.

"இதுல ஏதோ எழுதியிருக்குங்க. பொடி எழுத்து" என்றார் அத்தை.

"கம்பெனிக்காரன் பேரு. ஸ்க்ரூ தலையிலயும்தான் எழுதியிருக்கான். யாரு படிக்கிறா?"

தெரு வந்தது. தலைவலி என்று வந்தவருக்கு இரண்டாம் வரிசை. வயிற்றுக்கு முதல் வரிசை. நானும் ஒருநாள் பல்வலிக்கு இரண்டு வாங்கி விழுங்கினேன். வலி நின்றது. எது நிறுத்தியது என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆகாத ஒவ்வொரு முறையும் மாமா ஓர் அங்குலம் வளர்ந்தார்.

பிறகு வெயில் ஏறியது. அந்தக் கோடையில் ஊரிலுள்ள விசிறி எல்லாம் கூடிப் பேசி வைத்ததுபோல ஒரே வாரத்தில் நின்றன. கடை வாசலில் இருபத்து மூன்று மோட்டார்கள் சீட்டுக் கட்டப்பட்டுக் கிடந்தன. அத்தை விடியலில் மேஜைக்கு வந்தால் இருட்டும்வரை எழுந்திருக்கவில்லை. சாப்பாடு தட்டில் காய்ந்தது. தகரக்கூரைக்குக் கீழே, பழுது பார்க்கிற கடையில், ஓடுகிற விசிறி ஒன்றுகூட இல்லை. எல்லாம் அடுத்தவர்களுடையது.

"ஏங்க, தலை கிர்ருனு சுத்துது."

"சக்கரத்தையே பாத்துட்டு இருந்தா சுத்தாதா?" மாமா பின்னால் கை நீட்டினார். மூன்றாம் வரிசை, ஐந்தாம் டப்பா. "இந்தா. ராத்திரி ஒண்ணு போட்டுட்டுப் படு."

"இது அப்பாவுக்கு எதுக்குக் குடுத்தாங்க?"

"தலைசுத்தலுக்குத்தான். அவரு சுத்துது சுத்துதுங்கும்போதெல்லாம் நான்தானே எடுத்துக் குடுத்தேன். எட்டு மில்லி, நடுவுல கோடு. மறப்பேனா?"

மறக்கவில்லை. அவர் சொன்னது உண்மைதான். அந்த மாத்திரையும் அந்த டப்பாவில் இருந்தது.

மறுநாள் அத்தைக்குச் சுற்றல் கூடியது. வியர்த்தது. கை நடுங்கியது. மூன்றாம் நாள் கம்பி இரண்டு முறை அறுந்தது. முப்பது வருஷத்தில் அவர் கையில் கம்பி அறுந்ததாக யாரும் சொன்னதில்லை. மாமா யோசித்தார். மோட்டார் இழுக்கவில்லை என்றால் கரன்ட் போதவில்லை என்று அர்த்தம். அன்றிலிருந்து இரண்டு மாத்திரை.

ஐந்தாம் நாள் காலை நான் மாடிப்படி இறங்கும்போது சக்கரம் சுற்றுகிற சத்தம் கேட்டது. கடைக்கு வந்திருந்த ஒரு பெண் வாசலில் நின்று, விலகியிருந்த திரைச்சீலை வழியே உள்ளே பார்த்து, "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அத்தை திரும்பவில்லை. கம்பி அச்சை நிறைத்து, வழிந்து, மேஜைமேல் சுருள் சுருளாகச் சரிந்துகொண்டிருந்தது. அத்தை முகமெல்லாம் வியர்வை. வாய் ஏதோ எண்ணிக்கொண்டிருந்தது. எண்கள் குழறின. மாமா உள்ளேயிருந்து பல் தேய்க்கிற பிரஷ்ஷோடு ஓடிவந்து சக்கரத்தைப் பிடித்து நிறுத்தினார். சக்கரம் நின்றதும் அத்தை பக்கவாட்டில் சாய்ந்தார்.

ஆஸ்பத்திரியில் சின்ன டாக்டரம்மா ஒருவர் இருந்தார். விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தார்.

"சர்க்கரை முப்பத்தெட்டுதான் இருக்கு. இவங்களுக்குச் சர்க்கரை வியாதியா?"

"இல்லைங்க."

"சர்க்கரை மாத்திரை எதுவும் சாப்பிட்டாங்களா?"

"இல்லவே இல்லைங்க."

"வேற ஏதாவது மாத்திரை?"

மாமா என்னைப் பார்த்தார். பிறகு டாக்டரம்மாவின் மேஜையிலிருந்த பேனா ஸ்டாண்டைப் பார்த்தார்.

"அவளா எதாவது போட்டிருப்பாளா இருக்கும். என்கிட்ட எங்க சொல்றா."

நான் வாயைத் திறக்கவில்லை. அதை மறைப்பதற்கில்லை, எழுதிவிடுகிறேன்.

நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். பத்து நிமிஷத்தில் அத்தை கண் திறந்தார். "அந்த ரெண்டு பம்பையும் குடுத்தாச்சா?" என்று கேட்டார். மாமாவுக்கு உயிர் வந்தது. கூடவே வாயும் வந்தது. "வெயில்! நான் அப்பவே சொல்லல? வெறும் வெயில். ஒரு பாட்டில்ல எழுந்து உக்காந்துட்டா பாரு" என்று அடுத்த கட்டில்காரரிடம் சொல்லிவிட்டு எல்லோருக்கும் டீ வாங்கி வந்தார்.

டீ ஆறுவதற்குள் அத்தைக்கு மறுபடி வியர்த்தது. பேச்சு குழறியது. ஊசி, பாட்டில், நர்ஸ்கள். டாக்டரம்மா இந்த முறை நேராக மாமாவிடம் வந்தார்.

"ஏத்த ஏத்த இறங்குதுங்க. தானா இப்படி இறங்காது. உள்ள ஏதோ ஒண்ணு இருந்து இறக்கிட்டே இருக்கு. அது என்ன, எத்தனை, எப்பலேர்ந்துன்னு தெரிஞ்சாத்தான் எவ்வளவு நேரம் போராடணும்னு எனக்குத் தெரியும்."

"தெரியலையேம்மா..."

அப்போது லாரித் தம்பி வந்து சேர்ந்தார். பாதிச் சுமையை இறக்காமலே வந்திருந்தார். மாமாவின் தோளைப் பிடித்து நடைபாதைக்குத் தள்ளிக்கொண்டு போனார். பெஞ்சில் உட்கார வைத்து, எதிரே குந்தினார்.

"மாமா, என் மூஞ்சியப் பாருங்க. அப்பா மாத்திரையா?"

மாமா சட்டைப்பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார்.

"மாமா."

"தலைசுத்தல்னு சொன்னாடா. சுத்தல் மாத்திரைதான் குடுத்தேன்."

"எத்தனை?"

"மொதல்ல ஒண்ணு."

"அப்புறம்?"

"நிக்கலியேடா. கூடுச்சு. ரெண்டாக்கினேன்."

"எத்தனை நாளு?"

"நாலு ராத்திரி. ஆறு மாத்திரை." எண்ணிக்கை மட்டும் தெளிவாக வந்தது.

லாரித் தம்பி அடித்துவிடுவார் என்று நினைத்தேன். மாமாவும் அப்படித்தான் நினைத்தார். கன்னத்தை லேசாகத் திருப்பியே வைத்திருந்தார். அவர் அடிக்கவில்லை. "இதைப் போய் அந்தம்மாகிட்டச் சொல்லுங்க. நான் சொல்லமாட்டேன். நீங்கதான் சொல்லணும்" என்றார்.

மாமா போய்ச் சொன்னார். சின்னப் பெண்ணுக்கு முன்னால் கைகட்டி நின்று சொன்னார். டாக்டரம்மா திட்டுவதற்கு நேரமில்லாதவர்போல ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மாத்திரை அட்டை இருக்கா?"

"அட்டை இல்லைங்க. பிரிச்சுட்டோம். ஆனா எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். மூணாவது வரிசை, அஞ்சாவது டப்பா."

நான்தான் போய் அந்த டப்பாவை உருவிக்கொண்டு வந்தேன். வழியில் மருந்துக்கடை அக்காவையும் கூப்பிட்டுக்கொண்டேன். கடையை அப்படியே திறந்து போட்டுவிட்டு வந்தார். நடைபாதை ஜன்னலோரம் ஒரு வெள்ளைத் தாளை விரித்து டப்பாவைக் கவிழ்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒவ்வொரு மாத்திரையாக வெளிச்சத்தில் பிடித்து அந்தப் பொடி எழுத்தைப் படித்தார். படித்து ஒதுக்கினார். ஒரே மாதிரி வெள்ளை, ஒரே வட்டம், ஒரே கோடு. ஒதுக்கி முடித்தபோது தாளில் நான்கு குவியல்கள் இருந்தன.

"இது தலைசுத்தலுக்கு. மாமா சொன்னது சரிதான். இது பிரஷருக்கு. இது சத்து மாத்திரை." கடைசிக் குவியல்தான் பெரியது. அதன்மேல் அவர் விரல் வைக்கவில்லை. "இது சர்க்கரைக்கு. ஒண்ணு போட்டா ஒருநாள் பூரா நிக்கும்."

மாமா குனிந்து நான்கு குவியல்களையும் பார்த்தார்.

"எல்லாம் எட்டு மில்லிம்மா" என்றார்.

அக்கா "ஆமா மாமா" என்றார். குத்திக்காட்டி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட மாமா அதைப் பிடித்துக்கொண்டு சண்டைக்கு நின்றிருப்பார். அக்கா சொல்லவில்லை.

ஆறில் எத்தனை எந்தக் குவியலைச் சேர்ந்தது என்று சொல்ல ஆளில்லை. ஆறுமே கடைசிக் குவியல் என்று வைத்துக்கொண்டு மணிக்கு ஒருமுறை விரலில் குத்தினார்கள். ஏறும், இறங்கும். நாங்கள் செய்வதற்கு ஒன்றும் இல்லை. லாரித் தம்பி நடைபாதையின் நீளத்தை அளந்தார். மாமா கட்டிலுக்குக் கீழே கழன்றிருந்த ஒரு சக்கரத்தைக் கண்டுபிடித்து, சாவிக்கொத்தால் முடுக்கினார். பிறகு அடுத்த கட்டிலின் சக்கரத்தை. பிறகு வார்டில் இருந்த எல்லாக் கட்டில்களையும். நர்ஸ் வந்து, "ஐயா, எழுந்திரிங்க, நோயாளிங்க பயப்படுறாங்க" என்று சொன்னதும் எழுந்து, கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

மூன்றாம் நாள் சர்க்கரை ஒரே இடத்தில் நின்றது. டாக்டரம்மா கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். விரலைப் பிடித்து அழுத்தச் சொன்னார்.

"இனி இறங்காதுன்னு நினைக்கிறேன். ஆனா மூளைக்குச் சர்க்கரை இல்லாம ரொம்ப நேரம் இருந்திருக்காங்க. அது எவ்வளவு திரும்பும்னு இப்பச் சொல்ல முடியாது."

"எப்ப சரியாகும்மா?"

"பார்ப்போம்."

அந்த வார்த்தையை மாமா தன் கடையில் ஆயிரம் தடவை சொல்லியிருப்பார். அதற்கு என்ன அர்த்தம் என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்த வார்டில் இல்லை.

நாலாம் நாள் அத்தை தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் கழுவி, தலை சீவிவிட்டிருந்தார்கள். பார்க்கப் பழைய அத்தைதான். மாமா கஞ்சிப் பாத்திரத்தோடு கட்டிலருகில் போய் நின்றார். அத்தை அவரை நிமிர்ந்து பார்த்தார். சிரித்தார். கடைக்கு வருகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கும் அதே மரியாதைச் சிரிப்பு.

"வாங்க. உங்களோடது ஃபேனா, பம்பா?"

மாமா பாதி திறந்த பாத்திரத்தின் மூடியை மறுபடி மூடினார்.

"...ஃபேனுங்க" என்றார்.

"அவரு வெளிய போயிருக்காரு. வந்ததும் சொல்றேன். நாளைக்கு வாங்க, தந்துடறோம்."

"சரிங்க."

"கோவிச்சுக்காதீங்க. வெயில் காலம், வேலை ஜாஸ்தி."

"பரவாயில்லைங்க. நீங்க மெதுவா செய்யுங்க."

பாத்திரத்தை ஸ்டூலில் வைத்துவிட்டு வெளியே வந்தார். லாரித் தம்பி உள்ளே போய்த் தன் அக்காவுக்குக் கஞ்சி ஊட்டினார். தம்பியைத் தெரிந்தது. "எப்படா வந்தே?" என்று கேட்டது வெளியே பெஞ்சு வரைக்கும் கேட்டது. மாமா அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தினமும் ஒருவேளை போய் நின்றார். சில நாள் தெரிந்தது. சில நாள் ஃபேன்.

மாதக் கடைசி சனிக்கிழமை வந்தது. செய்தி தெருவுக்குள் பரவியிருந்ததால் மருந்துக்கடை வாசலில் அன்று கூட்டம். மாமாவின் டப்பாக்களிலிருந்து வாங்கிப்போனவர்கள் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், ஆளுக்கொரு பொட்டலத்தோடு நின்றார்கள். நானும் நின்றேன். பதினோரு மணி வெயிலில் மாமா வந்தார். ஒரு சாக்குப்பைக்குள் மூன்று வரிசை டப்பாக்கள். முன்னால் நின்றவர்கள் விலகி, "நீங்க போங்க மாமா" என்றார்கள். அவர் கேட்காதவர்போலக் கடைசி ஆளுக்குப் பின்னால் போய் நின்றார். அரைமணி நேரம்.

அவர் முறை வந்ததும் அக்கா ஒரு பெரிய உறையைப் பிரித்துப் பிடித்தார். "எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டிடுங்க மாமா. பிரிக்க வேண்டாம். எரிக்கத்தானே போறோம்."

மாமா முதல் டப்பாவைக் கவிழ்த்தார். இரண்டாவதைக் கவிழ்த்தார். ஒவ்வொன்றின் அடியிலும் விரல் விட்டுத் துடைத்தார். ஒரு மாத்திரை தவறி விழுந்து தார்ச்சாலையில் உருண்டது. பின்னாலேயே போய், ஒரு வண்டியை நிற்கச் சொல்லிக் கைகாட்டிவிட்டு, சக்கரத்துக்கு அடியிலிருந்து எடுத்துவந்து போட்டார். அக்கா உறையின் வாயை ஒட்டித் தந்ததும் இரண்டு கையாலும் பிடித்துப் பெட்டிக்குள் இறக்கினார்.

அவருக்குப் பின்னால் தையல்காரர் நின்றிருந்தார். பழக்க தோஷம். கையிலிருந்த பாதி அட்டையை மாமாவிடம் நீட்டிவிட்டார்.

"மாமா, இது எதுக்குன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன். நல்லாத்தான் இருக்கு. வெச்சுக்கலாமா?"

மாமா அட்டையை வாங்கிப் பார்த்தார். புரட்டி, பின்பக்கமும் பார்த்தார்.

"எனக்குத் தெரியாதுப்பா" என்றார். அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தையல்காரர் போடுவதற்கு வாகாகப் பெட்டியின் மூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அடுத்தவருக்கும், அதற்கு அடுத்தவருக்கும் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.